பாசிக்கார ஐரீன்

எண்ணூர் பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஐரீன் மடியிலிருக்கும் புட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொள்கிறார். புட்டிக்கு ஈரத்துணி சுற்றியிருக்கும். "இன்னாம்மா, புள்ள தூங்குதா?" என்று கேட்டுக்கொண்டே கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிறார். உள்ளே இருப்பது கழிமுகத்துத் தண்ணீர். அதில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் நீந்துகின்றன. சூடு பட்டால் செத்துவிடும், செத்தால் எது எந்தப் பாசி என்று சொல்வது கஷ்டம்.

ராயபுரத்துப் பெண். அப்பா இன்னாசி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மகள் கடலைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்றதும், "கடல்ல படிக்கிறதுக்கு இன்னா கீது? அத்தத்தான் தெனம் பாத்துகினு கீறோமே" என்றாராம். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து குனிந்து ஐரீனுக்குக் கழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது. வீட்டில் குடிதண்ணீரைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். கடல் ஆய்வகத்தில் கூட வேலை பார்க்கும் எனக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடப் பயம்.

போன தவக்காலத்தில், அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டு எழும்பிக்கொண்டிருந்த எண்ணூரில், கழிமுகம் தேயிலைச் சாயமாகச் சிவந்தது. இறைச்சியை ஒதுக்கும் வீடுகளில் மட்டிச் சிப்பிக்கு ஏகக் கிராக்கி. ஐரீன் மைக்ரோஸ்கோப்பில் கண்டது விஷப்பாசியா, அதே சாயலில் இருக்கும் சாதுவான பாசியா என்று அவருக்கே உறுதியில்லை. விஷப்பாசியைத் தின்ற மட்டிக்கு ஒன்றும் ஆகாது. அந்த மட்டியைத் தின்றவருக்கு மூச்சு நின்றுபோகும். வேகவைத்தாலும் விஷம் போகாது. "நிச்சயம் தெரியாமல் பீதி கிளப்ப வேண்டாம்" என்றார் மேலதிகாரி. ஐரீன் அடுத்த பஸ்ஸில் எண்ணூருக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

கரையில் கூடைகள் நிரம்பியிருந்தன. மட்டி வாரி விற்கும் பெண்களில் மூத்தவரான சிலுவையம்மாள் ஐரீனுக்கு அத்தை முறை.

"அத்தே, இத்த விக்காதே. தண்ணி சரியில்ல."

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியல."

"தெரியலன்னா இன்னாத்துக்கு பேஜார் பண்றே? பொறந்ததுலேர்ந்து இத்தத்தான் துன்னுகினு கீறோம்." அடுப்பிலிருந்த சட்டியில் வெந்த மட்டி ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

ஐரீன் அதைப் பிடுங்கினார். ஒரு துண்டைக் கடித்து, விழுங்காமல் கீழுதட்டுக்குள் அதக்கிக்கொண்டார். விஷமிருந்தால் முதலில் உதடு மரத்துப்போகும் என்று பஸ்ஸில் என்னிடம் சொல்லியிருந்தார். இது என்ன ஆராய்ச்சி என்று எனக்குக் கோபம் வந்தது. பெண்கள் சுற்றி நின்று அவர் முகத்தையே பார்த்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து ஐரீன் துண்டைத் துப்பிவிட்டு வாய் கொப்பளித்தார்.

"ஒண்ணியும் ஆவல பாரு. நான் கெளம்பறேன்" என்று சிலுவையம்மாள் கூடையைத் தலைக்கு ஏற்றினார்.

ஐரீன் கீழுதட்டைக் கிள்ளிப் பார்த்தார். மறுபடியும், நகம் பதியக் கிள்ளினார். ரத்தம் கசிந்தது. அவர் முகம் கொஞ்சம்கூடச் சுளிக்கவில்லை.

சிலுவையம்மாள் அந்த உதட்டையே பார்த்தபடி நின்றார். பிறகு கூடையை இறக்கி, அத்தனை மட்டியையும் மணலில் கவிழ்த்தார்.