பூண்டு விழும் நொடி

மெதுவக்கா என்று அவளுக்குப் பெயர் வந்தது நடையால் அல்ல, குரலால். எதிரே நிற்பவர்கூடக் காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். "நீ பேசுறியா, மூச்சு விடுறியா?" என்று தையல் மெஷின் பழுது பார்க்கும் அவள் கணவர் கிண்டல் செய்வார். அப்படிப்பட்டவளுக்குத்தான் சைக்கிள் கடை மாடியிலிருந்த எகிப்திய உணவகத்தில் பரிமாறும் வேலை கிடைத்தது.

சேர்ந்த அன்றே, யாரோ பாம்பை மிதித்துவிட்டது போல, அடுப்படியில் மூச்சை வெடுக்கென்று உள்ளிழுக்கும் பெரிய சத்தம். கையிலிருந்த தம்ளர்களைப் போட்டுவிட்டு ஓடினாள். அங்கே சமையல்காரம்மா சாவகாசமாகக் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொதிக்கும் முலூக்கியாக் கீரையில், நெய்யில் சிவந்த பூண்டைக் கொட்டும் அதே நொடியில் இப்படி மூச்சை வாரி இழுக்க வேண்டுமாம். எகிப்தில் அவருடைய அம்மா, அத்தை எல்லோருக்கும் அதுதான் வழக்கமாம். இல்லாவிட்டால் கீரை ருசிக்காது என்றார். மெதுவக்கா தலையை ஆட்டி வைத்தாள்; நம்பவில்லை.

சாப்பிட வருகிறவர்கள் பாடு வேறு. ஒரு டாக்டர் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று வாயில் ரொட்டியோடு அடுப்படிக்கே வந்துவிட்டார். இன்னொருவர், சாப்பிட வந்தவனை இப்படியா பயமுறுத்துவது என்று சண்டை பிடித்தார். வழவழவென்று நூல் விடுகிறது என்று கிண்ணத்தைத் தள்ளியவர்கள் உண்டு. அடுத்த மேஜையிலேயே ஓர் அம்மாள் முதல் வாயிலேயே கண்ணை மூடியவர், வெகுநேரம் திறக்கவில்லை. ஒரே பானை, ஒரே கரண்டி. எப்படி என்று மெதுவக்காவுக்குப் பிடிபடவே இல்லை.

மகளின் பிரசவத்துக்கென்று சமையல்காரம்மா ஊருக்குப் போனார். கடையை நடத்தும் அவருடைய தம்பி கரண்டியைப் பிடித்தார். அளவு, பக்குவம் எல்லாம் அக்காவிடம் கற்றதுதான். ஆனாலும் வழக்கமாக வரும் தபால்காரர் பாதியில் நிறுத்தி, "எல்லாம் சரியா இருக்கு. ஆனா என்னமோ இல்ல," என்றார். தம்பி மூச்சை இழுத்துப் பார்த்தார். புகை ஏறி இருமல்தான் வந்தது.

மறுநாள் பூண்டு வதங்கும்போது மெதுவக்காவைக் கூப்பிட்டு, "அக்கா, நீங்க ஒரு தடவ இழுத்துப் பாருங்களேன்," என்றார்.

"நானா? என் சத்தம் எனக்கே கேக்காது, தம்பி."

அதற்குள் பூண்டு சிவந்துவிட்டது, யோசிக்க நேரமில்லை. அவர் வாணலியைச் சரித்தார். சுரீரென்று நெய் பொங்கியது. மெதுவக்கா இழுத்தாள். உள்ளங்காலிலிருந்து கிளம்பியது போல வந்தது அந்த மூச்சு. விலாவெல்லாம் விரிந்தது. தனக்குள் இவ்வளவு இடம் இருந்ததா என்று அவள் திகைத்து நின்றாள். வெளியே ஸ்பூன் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. மூடிய கதவைத் தாண்டி அத்தனை பேரையும் தன் சத்தம் நிறுத்தியிருக்கிறது என்பதை அவளால் நம்ப முடியவில்லை. பானையிலிருந்து எழுந்த வாசனையும் நேற்றைய வாசனை இல்லை.

கிண்ணத்தைக் கொண்டுபோனாள். தபால்காரர் ரொட்டியைத் தோய்த்து வாயில் போட்டார். அவளை நிமிர்ந்து பார்த்தார், மறுபடி குனிந்துகொண்டார். கிண்ணம் காலியாகும்வரை தலை தூக்கவில்லை.

பக்கத்து மேஜைக்காரர் உப்பு கம்மி என்றார். "கொண்டாறேன் சார்," என்றாள் மெதுவக்கா. அந்தக் கோடியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.