எபுன் லம்ப்கின் திறக்காத பெட்டி

எபுன் லம்ப்கினைப் பற்றி எங்கள் ஃப்ரீடவுன் சந்தில் யாரைக் கேட்டாலும் அவள் காய்ச்சும் இஞ்சி பீரைப் பற்றித்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பக்கத்து வீட்டில் முப்பத்தொரு வருடம் தையல் மெஷின் மிதித்தவள் நான். எனக்குத் தெரிந்தது வேறு. அவள் வாழ்க்கையை ஒரு பெட்டி பாழாக்கியது. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அவள் புருஷன் தியோஃபிலஸ் சுங்க ஆபீஸில் தலைமை குமாஸ்தா. ஆண்கள் மட்டும் ரகசியமாகக் கூடும் ஃப்ரீமேசன் சங்கத்திலும் பெரிய ஆள். அவருடைய தாத்தா யாரோ ஒரு கப்பல் கேப்டனின் சாமான்களை ஏலத்தில் எடுத்தபோது வந்த எழுத்துப் பெட்டி அது. நல்ல கருமரம். மூடியில் பித்தளையில் பதித்த மூலைமட்டமும் கவராயமும், நடுவே சிப்பியில் இழைத்த ஒற்றைக் கண், இரண்டு பக்கமும் தூண்கள், மேலே சூரியன், சந்திரன், எல்லாம் மேசன்களின் சின்னங்கள். மேசன் சாமானைப் பெண்பிள்ளை திறந்தால் கண் அவிந்துபோகும் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. எபுன் சனிக்கிழமைதோறும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டுதான் அதைத் துடைப்பாள்.

"அந்தக் கண்ணு உன்னப் பாத்துக் கண்ணடிச்சுச்சாக்கா?" என்று நான் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்பேன்.

"வாயக் கழுவுடி ரெஜினா. எனக்குக் கண்ணு போனா உனக்கு ஊசி கோத்துத் தர எவ வருவா?" என்பாள்.

அவர்களுக்கு ஒரே பெண், ஆலிவெட். லண்டனுக்கு நர்ஸ் படிப்புக்குப் போனவள், கோயிலுக்குப் போகாமலே யாரோ ஒருவனைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள். சேதி வந்த ஞாயிற்றுக்கிழமை தியோஃபிலஸ் சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்து, பைபிள் மேல் கை வைத்தார். "இந்த வீட்டுல இனி அவ பேரு காதுல விழக் கூடாது. அவ எழுத்து இந்தப் படி தாண்டக் கூடாது."

எபுன் அவருக்குத் தெரியாமல் பழைய விலாசத்துக்கு இரண்டு கடிதம் போட்டாள். இரண்டும் ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. அப்புறம் பதினோரு வருடம், தபால்காரன் வரும் நேரத்துக்கு ஏதாவது வேலையை வைத்துக்கொண்டு வேலியோரம் நிற்பாள். ஒருநாளும் அவனிடம் வாய்விட்டுக் கேட்டதில்லை. அவனும் தலையைக் குனிந்துகொண்டே போய்விடுவான்.

ஜூலை மழையில் தியோஃபிலஸ் செத்துப்போனார். சங்கத்துச் சகோதரர்கள் வெள்ளைக் கையுறையோடு வந்து அவர் சங்கத்தில் கட்டும் ஏப்ரனையும் பதக்கத்தையும் வாங்கிக்கொண்டார்கள். எபுன் பெட்டியைக் காட்டினாள். அவர்களில் மூத்தவரான மெட்ஸ்கர் குனிந்து பார்த்தார்.

"இது சங்கத்துச் சாமான் இல்லம்மா. வெறும் எழுத்துப் பெட்டி. மேல இருக்கறதெல்லாம் அலங்காரம். சாவி அவர் வாட்ச் சங்கிலியில இருக்கும், தாராளமாத் தொறந்து பாருங்க."

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மேசன் எந்தக் காலத்தில் பெண்பிள்ளையிடம் நிஜம் பேசியிருக்கிறான்? அவர்கள் படி இறங்கியதும் நான்தான் சொன்னேன்.

"ரகசியம் இருந்தா இல்லேன்னுதான் சொல்லுவானுங்க. உன்னச் சோதிக்கிறானுங்கக்கா. இத வீட்டுல வெச்சுக்காத, அவரோடயே அனுப்பிடு."

சவப்பெட்டியில் அவர் கால்மாட்டில் அதை வைத்தோம். ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். நல்ல கனம். "எத்தனை ரகசியம் பாரு" என்றேன். அந்தத் துக்கத்திலும் அவள் சிரித்துவிட்டாள். இன்றைக்கு நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நாற்பதாம் நாள் படையலுக்கு முற்றத்தில் அவரைக்கொட்டையும் சோறும் வெந்துகொண்டிருந்தபோது டாக்ஸியில் ஆலிவெட் வந்து இறங்கினாள். சுங்க ஆபீஸிலிருந்து யாரோ அவளுக்குச் சாவைத் தெரிவித்திருந்தார்கள். எபுன் அகப்பையைப் போட்டுவிட்டு ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாள். பெண் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றாள்.

"பதினோரு வருசம், மம்மா. மாசா மாசம் எழுதினேன். ஒரு வரி போட உனக்கு மனசு வரலையா?"

"என்ன எழுதின? யாருக்கு?"

"நடிக்காத. அப்பா ஆபீசுக்குப் போடற லெட்டருக்குள்ள உனக்குத் தனியா உறை ஒட்டி வெப்பேன். அவர் பதில் போடுவாரு. மம்மாகிட்ட குடுத்துட்டேன், எல்லாம் என் எழுத்துப் பெட்டியில பத்திரமா இருக்குன்னு."

எபுன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பைபிள் மேல் அடித்த சத்தியத்தையும் வெளிப்படையாக விட முடியாமல், பெண்ணையும் விட முடியாமல், அந்தக் கோழை மனிதன் பெண்டாட்டியைப் பலி கொடுத்திருக்கிறான். செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டுகிறேன்.

"தோண்டிடலாம் வா" என்றாள் எபுன். "ஒட்டின உறை ஒட்டினபடியே இருக்கும். நீயே பாத்துக்க."

பாதிரியார் முடியவே முடியாது என்றுவிட்டார். முடிந்திருந்தாலும் என்ன, ஆறு வாரம் விடாமல் பெய்த மழையில் கல்லறை முழுக்கத் தண்ணீர். பெட்டியைப் புதைக்கச் சொன்னதே நான்தான் என்று ஆலிவெட்டிடம் சொன்னேன்.

"நீங்க எப்பவும் மம்மாவுக்குப் பரிஞ்சுதான் பேசுவீங்க, ஆன்ட்டி" என்றாள்.

வழக்கப்படி கோலாக்கொட்டையைப் பிளந்து நாலு துண்டோடு கல்லறைக்குப் போனோம். செத்தவரைக் கேட்டுவிட்டு வீச வேண்டும். இரண்டு குப்புறவும் இரண்டு மல்லாந்தும் விழுந்தால் ஆமாம் என்று அர்த்தம். எபுன் ஈர மண்ணில் முட்டி போட்டாள். "தியோ, நான் ஒண்ணையும் கண்ணால கண்டதில்லன்னு பொண்ணுகிட்ட சொல்லு" என்று வீசினாள். இரண்டு குப்புற, இரண்டு மல்லாந்து. கூட வந்த பெண்கள் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

"கொட்டைக்கு என்ன தெரியும்?" என்றாள் ஆலிவெட்.

"அப்ப நீயே சொல்லும்மா. என்ன எழுதின? ஒண்ணே ஒண்ணாவது சொல்லு."

ஆலிவெட் குடையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பையன் பொறந்தான்னு எழுதினேன். மூச்சு சரியில்ல, எனக்குப் பயமா இருக்கு, ஒரு வரி எழுது மம்மான்னு எழுதினேன். ஒம்பது நாள் இருந்தான். போயிட்டான்னும் எழுதினேன்."

எபுன் வாயைப் பொத்திக்கொண்டாள். 

"பேரு என்ன வெச்ச?"

"அதான் எழுதியிருந்தேனே, மம்மா."

அவ்வளவுதான் சொன்னாள். எபுன் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள், நானும் கெஞ்சினேன். மூன்றாம் நாள் அவள் விமானம் ஏறிவிட்டாள். போகும்போது விலாசம் தரவில்லை.

அதற்கப்புறம் எபுன் ஆறு வருடம் இருந்தாள். வருடா வருடம் படையலுக்குக் குழி தோண்டி, செத்தவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அவரவர் பங்கை அதில் போடுவாள். அப்பா, அம்மா, தம்பி, தியோ. கடைசியில் ஒரு சின்னக் கரண்டி அவரையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, யாரைச் சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல் குழியோரம் நின்றுகொண்டே இருப்பாள்.