சிவரஞ்சனி கட்டிய ஏலக்காய் மலை

இடது கண்ணை மூடிக்கொண்டுதான் சிவரஞ்சனி டீ குடிப்பாள். எதிரே இருப்பவரின் மூக்கையும் பின்னால் தெரியும் மலையையும் அளவெடுக்கிறாளாம். போடி பஸ் ஸ்டாண்டில் ஒருவர், தன்னைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறாள் என்று நினைத்துச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அந்தக் காலர் இருந்த லட்சணம் அவளுடைய நோட்டில் ஒரு பக்கம் முழுக்க வந்துவிட்டது. யாராவது பச்சைச் சேலை என்றால் போதும், "எந்தப் பச்சை?" என்று கேட்காமல் விடமாட்டாள். அதனால் வீட்டில் அவள் காதுபட யாரும் நிறத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

வயது இருபத்தாறு. சென்னையில் ஓவியத்தில் முதுகலை, கடைசி வருடம். இதை ஊருக்குப் புரியவைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. "ஒனக்குத்தான் வரையத் தெரியுமே ஆத்தா, அப்பறம் என்னத்தப் படிக்கிற?" என்று கேட்பார் ஜீப் ஓட்டும் ராக்கையா. கேட்ட கையோடு, ஜீப்பின் பின்பக்கம் ஒரு புலி வரையச் சொன்னார். மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தாள். புலி அசப்பில் ராக்கையாவைப் போலவே அமைந்துவிட்டது. தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு அது தினமும் போடிமெட்டு ஏறுகிறது. ராக்கையாவுக்கு மட்டும் விஷயம் இன்னும் தெரியாது.

அம்மா வேலுத்தாய் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிறவள். மலையிலிருந்து மூட்டையாக இறங்கும் காயைப் பெருசு, சிறுசு, வெடித்தது, சுருங்கியது என்று பிரித்து, காம்பு கிள்ளிப்போடும் வேலை. பள்ளிக்கூட லீவுகளில் சிவரஞ்சனியும் அங்கே உட்கார்ந்து பொறுக்கியிருக்கிறாள். பத்தாவது முடித்ததும், "இந்தச் சோலி எனக்கு ஆகாது. என் கை வேற கை" என்று எழுந்து போனாள். அந்த வசனத்தை இன்றுவரை வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவாள்.

போன புதன்கிழமை அந்தக் கைக்குச் சோதனை வந்தது. இறுதிப் படைப்பைச் சொந்த ஊரில் செய்து, பதினோரு மணிக்கு மூன்று ஆசிரியர்களுக்கு வீடியோவில் காட்ட வேண்டும். தேறாவிட்டால் இன்னொரு வருடம் படிக்க வேண்டும். அம்மாவின் முதலாளி விஜயபாண்டி கடையில் ஓர் அறையையும் ஒரு மூட்டைக் காயையும் இரவல் கொடுத்தார். வந்த காயை வந்தபடியே, எதையும் பிரிக்காமல், வெள்ளைத் துணியில் கொட்டி ஒரு மலைச்சரிவு கட்டினாள். போடிமெட்டுச் சாலையின் வளைவுகளை விரலால் இழுத்தாள். நல்ல காயும் கெட்ட காயும் ஒன்றாகக் கிடப்பதுதான் படைப்பு. அதற்கு நாலு பக்கக் கட்டுரையும் எழுதி வைத்திருந்தாள்.

பத்தேகால் மணிக்கு, போனை நிறுத்திவைக்க ஒரு ஸ்டாண்டு இரவல் கேட்டுப் பக்கத்துத் தெரு போட்டோ ஸ்டூடியோவுக்கு ஓடினாள். "யாரும் தொட்றாதீங்க. பாத்துக்கிட்டு மட்டும் இருங்க" என்று அம்மாவையும் கூட வேலை செய்யும் மூன்று பெண்களையும் காவல் வைத்துவிட்டுப் போனாள். ஏலக்காயை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும்படி அவர்களிடம் சொன்னது அவள் தப்பு.

திரும்பி வந்தபோது மலையின் அடிவாரத்தைக் காணோம். சாலையின் மூன்று வளைவுகளும் போய்விட்டன. துணி ஓரத்தில் பெருசு, சிறுசு, வெடித்தது, சுருங்கியது என்று நாலு குவியல், கோலம் போட்டதுபோல இருந்தது.

"அய்யோ, என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க!"

"புள்ளைக்குப் பரீச்ச, காய் இம்புட்டு அசிங்கமாக் கெடக்குதே, வாத்தியாருக பாத்தா என்ன நெனைப்பாக?" என்றாள் வேலுத்தாய். "நீயும் உக்காரு ஆத்தா, வெரசா முடிச்சிரலாம்."

சிவரஞ்சனிக்கு அழுகை முட்டியது. அழுவதற்கு நேரமில்லை. "எல்லாத்தையும் மறுபடி கலந்து விடுங்க" என்றாள்.

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கடையில் இப்படியொரு வேலையை யாரும் சொன்னதில்லை.

"பிரிச்ச காயக் கலக்குறதா? முப்பது வருசத்துல நான் அந்தப் பாவத்தப் பண்ணதில்லடி."

"அம்மா, இன்னும் கால்மணி நேரந்தான் இருக்கு. என் படிப்பே போயிரும்."

வேலுத்தாய் மகளைப் பார்த்தாள். பிறகு சுவரிலிருந்த சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடி, நாலு குவியலையும் இரண்டு கையாலும் வாரி ஒன்றாக்கினாள். மற்ற மூவரும் பார்க்கப் பொறுக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

சிவரஞ்சனி கடைசி வளைவை இழுத்து முடிக்கவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. திரையில் மூன்று முகங்கள். மலையருகே சம்மணம் போட்டு உட்கார்ந்து பேசத் தொடங்கினாள். "தரம் பிரிக்கிற கைகளிடமிருந்து இந்தக் காய்களை விடுவிக்க நினைத்தேன், சார். இங்கே எந்தக் காயும் ஒதுக்கப்படவில்லை" என்றாள். மூன்று தலைகளும் மெச்சுதலாக ஆடின.

கதவோரம் நின்ற வேலுத்தாய் மட்டும் மகளின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது பேச்சைக் கவனிக்காமல், சரிவிலிருந்து ஒரு வெடித்த காயை எடுத்து, காம்பைக் கிள்ளி, மடியில் போட்டுவிட்டு, அடுத்ததைத் தேடிப் போனது.