செல்வி அப்பாவுக்கு ஒரு பி.பி. கால்

நிலாவில் நம் நாட்டுக் கலம் இறங்கியதை டிவியில் பார்த்த கையோடு, பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டேன். "பார்த்தியாடி?" என்றேன். "அம்மா, ஏன் இப்படிக் கத்துற? காது கிழியுது!" என்றாள்.

கத்தாமல்? குத்தாலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலை பழகியவள் நான். அங்கே டிரங்க் கால் பேசுவது என்றால் ஊரைக் கூட்டுவது. டிவியில் அந்தக் கட்டுப்பாட்டு அறைப் பெண்கள் தலையில் மாட்டியிருந்ததைப் பார்த்ததும் எனக்குத் தேங்காய் எண்ணெய் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு ஹெட்செட். முந்தைய ஷிப்டுக்காரியின் தலையெண்ணெய் எப்போதும் என் காதில்தான் இருக்கும்.

முதன்முதலாக மனிதன் நிலாவில் இறங்கிய அன்றும் அதைத்தான் மாட்டியிருந்தேன். பக்கத்து சலூன் ரேடியோவில் அதே பேச்சு. அங்கிருந்து குரல் பூமிக்கு வர ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேலே ஆகுமாம். எனக்கு எரிச்சலாக வந்தது. இங்கிருந்து மெட்ராஸ் கிடைக்க அரை நாள் ஆகும், அதுவும் நம் அதிர்ஷ்டம்.

குறுவை நடவு சமயம். கூலித் தகராறில் ஆட்கள் வயலில் இறங்கவில்லை, நாற்று முற்றிக்கொண்டிருந்தது. மிராசுதாரின் காரியஸ்தர் ஒருவர் காலையிலிருந்தே வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "மனுஷன் நிலாவுல கால வச்சுட்டான். இவனுங்க நம்ம வயல்ல கால வைக்க மாட்டேங்குறானுங்க" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சிரித்தால் எல்லோரும் சிரிக்கவேண்டிய காலம் அது.

பிறகு அவர் கேட்டிருந்த டிரங்க் கால் கிடைத்தது; மிராசுதாரிடம் பேசியது என் ஹெட்செட்டில் கேட்டது. சங்கத்துக்காரர் ஒருவரைப் பெயர் சொல்லி, "மெட்ராஸ் போனவன் நாளைக் காலை வண்டியில வந்து இறங்குறானாம். ஸ்டேஷன்லயே முடிச்சுடலாம்ங்க" என்றார். கேட்டதை அங்கேயே மறந்துவிடவேண்டும் என்பது எங்கள் வேலைச் சட்டம். யாரிடம் போய்ச் சொல்வேன்? அவரோ பேசி முடித்தும் போகவில்லை. மறுபடி கால் வரும் என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மதியம் ஒருத்தி வந்தாள். சேற்றுக் கறை ஏறிய சேலை. சிகரெட் அட்டையில் ஒரு மெட்ராஸ் நம்பர். அது ஏதோ டீக்கடை போனாம். அங்கே ஆளைக் கூப்பிட்டுப் பேச வேண்டுமென்றால் பி.பி. கால், அதற்கு ஆள் பெயர் வேண்டும்.

"பேர் சொல்லும்மா."

"அவங்கதாங்க... வீட்டுக்காரரு."

நம் பக்கத்தில் புருஷன் பெயர் என்றால் பெண்களுக்கு வாயில் கொழுக்கட்டை. தெரிந்ததுதான். ஆனாலும் பொறுமை போய், "இது என்ன கூத்து! வெட்கப்பட்டா லைன் கிடைக்குமா? சத்தமா சொல்லு" என்றேன்.

அவள் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தாள். அது வெட்கம் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் போனில் சொன்ன ஆள் இவள் புருஷன்தான்; பேச்சு எப்படியோ இவள் காதுக்கும் எட்டியிருக்கிறது. காரியஸ்தருக்குப் பெயர்கள் தெரியும். நாற்று நடுகிற பெண்களின் முகத்தை அவர் எங்கே பார்த்தார்?

"செல்வி அப்பான்னு போட்டுக்குங்க" என்றாள்.

மெட்ராஸ் ஆபரேட்டர், "இது என்னடி பேரு?" என்றாள். "நீ கூப்பிடு, வருவாரு" என்றேன். லைன் கிடைக்கும்வரை நான் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. எத்தனை முறை தண்ணீர் குடித்தேனோ!

மூன்று மணிக்கு மேல் கிடைத்தது. பேசும் கூண்டுக்குக் கதவு பெயர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. இரைச்சலோ இரைச்சல். ரகசியத்தைக் கத்தித்தான் சொல்லவேண்டும்.

"ஊருக்கு வராதீங்க! வீட்டுல அம்மை போட்டிருக்கு! வெளியூர்க் காலோட உள்ள வரக்கூடாது!"

"செல்விக்கா? ஐயோ, புள்ளைக்கா? நான் இப்பவே கிளம்புறேன்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தடுக்கச் சொன்ன பொய்யே ஆளை இழுத்து வருகிறதே! அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"செல்விக்கு இல்லங்க. சின்னவனுக்கு! நம்ம சின்னவனுக்கு அம்மை!"

எதிர்முனையில் பேச்சே இல்லை. லைன் செத்துவிட்டதென்று நான் பிளக்கைப் பிடுங்கப் போனேன். மூச்சுச் சத்தம் கேட்டது. நிலாவிலிருந்து குரல் வந்து திரும்பிப் போகும் நேரத்தைவிட எவ்வளவோ அதிகம்.

"சரி. நான் வரல. நீ புள்ளையப் பாத்துக்க."

காரியஸ்தர், "பாவம், வேப்பிலை வையி" என்று சொல்லிவிட்டு வெற்றிலை மடித்தார். நான் அவள் பின்னாலேயே படிக்கட்டுவரை போய்த் தண்ணீர் கொடுத்தேன். "பையனுக்கு ரொம்ப முத்தா?" என்று கேட்டேன்.

"அவன் போன தையிலயே போயிட்டானுங்க. அம்மையிலதான்" என்று மெதுவாகச் சொன்னாள். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிடுகிடுவென்று நடந்துவிட்டாள்.

அந்த மனிதர் அறுப்பு சமயத்தில் ஊர் வந்து சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். பின்னாளில் எக்ஸ்சேஞ்சில் தானியங்கி வந்தது. எங்கள் போர்டை எடைக்குப் போட்டார்கள். கூண்டு போயிற்று. பி.பி. கால் என்றால் என்னவென்று கேட்கிறார்கள்.

அன்றைக்கு மகளிடம் பேசும்போது இதெல்லாம் நினைவுக்கு வந்து நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டேன். "ஹலோ, ஹலோ, கட்டாயிடுச்சு" என்று அவள் வைத்துவிட்டாள். இப்போது எல்லோரும் அப்படித்தான் வைத்துவிடுகிறார்கள். என்னால் முடிவதில்லை. மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வைக்கிறேன்.