மூன்றாம் எண் சில்லு

அப்பாவின் தங்கை, தொல்லியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அத்தை, ஒரு கோடையில் எங்கள் குவார்ட்டர்ஸில் வந்து தங்கினார். பழங்காலத்துப் பிள்ளைகள் எப்படி விளையாடினார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதற்கெல்லாமா படிப்பு என்று ஷிப்ட் முடித்து வந்த அப்பா கேட்டார்.

சுற்றுவட்டார வயல்களில் கிடைத்த வட்டமான பானைச் சில்லுகளுக்கு எண் எழுதி, பின்வாசலில் ஒரு தட்டில் அடுக்கியிருந்தார் அத்தை. மூன்றாம் எண் சில்லு என் உள்ளங்கைக்கென்றே செய்தது போலிருந்தது. பாண்டி ஆட எடுத்துப் போனேன். வீசிய கட்டத்தில் அசையாமல் உட்கார்ந்தது. இரண்டு நாள் எனக்கே வெற்றி. மூன்றாம் நாள் பக்கத்து பிளாக் பெண்ணிடம் தோற்றேன். தோற்றவர் சில்லைக் கொடுத்துவிட வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்ததே நான்தான்.

வேறு வழியில்லாமல் அம்மாவின் தண்ணீர்ப் பானையை உடைத்துப் பூனைமேல் பழியைப் போட்டேன். ஒரு துண்டைச் சிமெண்ட் படியில் தேய்த்து வட்டமாக்கி, பழசாகத் தெரியட்டும் என்று டீத்தூள் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணும் எழுதித் தட்டில் வைத்தேன்.

மறுநாள் அத்தையின் பேராசிரியர் வந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தவர் மூன்றாவதை மூக்கருகே கொண்டுபோனார்.

"இதுல டீ வாசனை வருதேம்மா."

அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்த்ததும் நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பானை உட்பட. அம்மா தொடையில் கிள்ளினார்.

அத்தை என்னை மைதானத்துக்கு இழுத்துப் போனார். அந்தப் பெண் அசைந்து கொடுக்கவில்லை. "அது நான் ஜெயிச்சது அக்கா. வேணும்னா ஆடி ஜெயிங்க."

அத்தை புடவையைச் செருகிக்கொண்டு ஆடினார். இரண்டாவது கட்டத்திலேயே கோட்டை மிதித்தார். பிறகு டீ வாசனைச் சில்லோடு நான் இறங்கினேன். கடைசிக் கட்டத்தில்தான் ஜெயித்தேன்.

மூன்றாம் எண் கைக்கு வந்ததும் அத்தை திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

"எந்த வெரலால புடிச்சிக்கினு வீசுவ? காட்டு."

காட்டினேன். சில்லின் ஓரத்தில் தேய்ந்திருந்த சின்னப் பள்ளத்தில் என் கட்டைவிரல் சரியாகப் பொருந்தியது. அத்தை அந்த விரலையே வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

தோற்றுப்போனதற்காக அழுகிறார் என்று நினைத்து, நாளைக்குச் சொல்லித் தருகிறேன் அத்தை என்றேன்.