ஒரே மாணவிக்குப் பாடம் சொன்ன மாடசாமி

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் குழந்தைகளுக்குக் கை கழுவிவிட்டுக்கொண்டிருந்தபோது மாடசாமியின் மனைவி கலாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எங்கள் நர்சரியில் வகுப்பு நேரத்தில் கைபேசியை எடுக்கக் கூடாது. ஈரக் கையோடு எடுத்தேன்.

“டீச்சரே, அவரு போயிட்டாரு” என்றாள். நான் ஏதோ கேட்கப்போகிறேன் என்று நினைத்தவள்போல, “மெஷின்ல இருக்கும்போதே. வலியொண்ணும் இல்லன்னு நர்ஸ் சொன்னாங்க” என்று சேர்த்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் யாரோ மலையாளத்தில் கையெழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னும் நான்கு குழந்தைகள் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கும் கழுவிவிட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மாடசாமியை உங்களில் பலருக்குத் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கட்டி சுமந்தவராகத் தெரியும். வழுக்கி விழுந்து முதுகெலும்பு அடிபட்ட பிறகு, மட்டாஞ்சேரியில் ஓர் ஒற்றை அறை வீட்டில் நாள் முழுவதும் படுத்துக் கிடந்தவராகவும் தெரியும். சிலர் அவரை ‘கலாவின் புருஷன்’ என்று மட்டுமே சொல்வீர்கள். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்த மனைவியின் கூலியில் இருக்கிறவர் என்கிற பொருளில் அதைச் சொன்னவர்களும் உண்டு. நான் அறிந்த மாடசாமி, இரண்டு வருஷம் தன் மகளுக்கு ஒரு பள்ளிக்கூடமாக இருந்தவர். அந்தப் பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு நானும் ஒரு காரணம். பெருமையாகச் சொல்லக்கூடிய காரணம் அல்ல. ஆனால் அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத என்னால் முடியாது.

நித்யாவுக்கு அப்போது மூன்றரை வயது. நான் வேலை செய்யும் நர்சரியில் சேர்த்திருந்தார்கள். ஐந்து வாரம் வந்தாள். ஐந்து வாரத்தில் அவள் வாயிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. அழவும் மாட்டாள். பாத்ரூம் போகவேண்டும் என்று சொல்லாமல் உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துக்கொள்வாள். வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளமும் இங்கிலீஷும். எனக்குத் தமிழ் தெரியும். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, தமிழ் எழுதப் படிக்க வீட்டிலேயே கற்றுக்கொண்டவள் நான். ஒரு முறை குனிந்து, “என்ன வேணும் கண்ணா?” என்று அவள் பாஷையில் கேட்டிருக்கலாம். வகுப்பில் தமிழ் பேசினால் நிர்வாகிக்குப் பிடிக்காது என்று கேட்கவில்லை. எந்தக் குழந்தை வகுப்புக்குப் பொருந்தாது என்று அவர் கேட்டபோது, நித்யாவின் பெயரை நான்தான் சொன்னேன்.

மாடசாமி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். “குழந்தை இன்னும் தயாராகலை, அடுத்த வருஷம் பார்ப்போம்” என்றேன். உட்காருங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. அவர் வாதாடவில்லை. “மோளே, வா” என்று நித்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினார். அவள் அவருக்காக ஒவ்வொரு படியிலும் காத்து நின்றாள்.

பக்கத்து அங்கன்வாடிக்கு அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அது மழையில் ஒழுகி, வேறொரு கட்டடத்துக்கு மாறியிருந்தது. அவரால் அவ்வளவு தூரம் நடந்து கூட்டிப் போக முடியாது. கலா விடியுமுன் வேலைக்குப் போய்விடுவாள். வேறு யாரும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து, நான் அவர்கள் சந்துக்கு அருகிலிருந்த நிறுத்தத்தில் திருப்பூணித்துறை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து “டீச்சரே” என்ற குரல். மாடசாமி. சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

“ஒரு ஒபகாரம். தமிழ் எழுத்து ஒரு பேப்பர்ல எழுதித் தருவீங்களா?”

“உங்களுக்குத் தெரியாதா?”

“நான் ஏழாங்கிளாஸ் வரை மலையாளத்துல படிச்சது. நம்ம பாஷை பேச மட்டும்தான் தெரியும். வாசிக்கத் தெரியாது.”

“அப்படியானால் மலையாளமே சொல்லிக் குடுக்கலாமே? பின்னால பள்ளியில அதுதானே?”

“அது வரும். அவ வாயில இப்ப வர்ற பாஷைக்கு மொதல்ல ஒரு எழுத்து இருக்கட்டும் டீச்சரே.”

வகுப்புப் பட்டியல் ஒன்றின் பின்பக்கத்தில் உயிரெழுத்துகளை எழுதிக் கொடுத்தேன். ‘ஈ’யைச் சுட்டி, இது எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்டார். விரலால் அவர் உள்ளங்கையில் எழுதிக் காட்டினேன். பஸ் போய்விட்டது. அதன் பிறகு வாரத்துக்கொரு நாள் எனக்காக நிறுத்தத்தில் காத்திருப்பார். தனக்குத் தெரிந்த எழுத்துகள் தீர்ந்துபோனால் வருவார். மகளைவிட அவர் எப்போதும் ஒரே ஓர் எழுத்துதான் முன்னால் இருந்தார். “இன்னிக்குக் காலையில படிச்சதைத்தான் மத்தியானம் சொல்லிக் குடுக்கேன். மறக்க நேரமில்ல” என்பார்.

அவர் வீட்டுக்கு நான் முதலில் போனது ஆவணி ஓண விடுமுறையில். வாசலில் செருப்பை விடும்போதே உள்ளே சுவர் தெரிந்தது. எழுத்துகளெல்லாம் என் முழங்காலுக்கும் கீழே, தரையை ஒட்டி, கரியால் எழுதப்பட்டிருந்தன. உயரம் எட்டாமல் குழந்தை எழுதியது என்று நினைத்தேன். அவர் பாயில் ஒருக்களித்துப் படுத்த பிறகுதான் விளங்கியது. கால்மணி நேரத்துக்குமேல் அவரால் உட்கார முடியாது. படுத்தபடி கை எட்டும் இடம்தான் கரும்பலகை. நித்யாவும் பக்கத்தில் படுத்துக்கொண்டுதான் படித்தாள்.

நோட்டு கிடையாது. சிமெண்டுத் தரையில் ஈர விரலால் ஓர் எழுத்து எழுதுவார். அது காய்ந்து மறைவதற்குள் அவள் சொல்லவேண்டும். வெயில் நாளில் அவள் திணறுவாள். மழை நாளில் அவளுக்கு அவகாசம் கிடைக்கும். பஜார் ரோட்டுக் கிடங்குகளில் மிளகு புடைக்கும் பெண்கள் கூட்டித் தள்ளியதில் கொஞ்சம் தருவார்கள். சுக்குத் துண்டு, மிளகு, கிராம்பு. கண்ணை மூடிக்கொண்டு மணத்தை வைத்துப் பெயர் சொல்லவேண்டும். பிறகு அவற்றையே வகை பிரிக்கவேண்டும், எண்ணவேண்டும், கடைசியில் ரசத்துக்குக் கொடுத்துவிடவேண்டும். பால் கவர், தீப்பெட்டி, மாத்திரை அட்டை எல்லாமே அவளுக்கு வாசிப்புப் புத்தகம்.

நான் ஆசிரியை அல்லவா? பெரிய தாள்கள் இரண்டும் வண்ணக் குச்சிகளும் வாங்கிப் போனேன். “பத்திரமா வைக்கேன்” என்று அலமாரிமேல் வைத்தார். அடுத்த முறையும் அங்கேயே இருந்தன. ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். “இது தீந்தா இன்னொண்ணு கேப்பா. தண்ணி தீராதுல்ல” என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. வண்ணக் குச்சியைத் தொடாத குழந்தைப் பருவம் எதற்கு என்று சொல்லிவிட்டேன். அந்த வாரமே அவற்றைப் பிரித்துக் கொடுத்துவிட்டதாகக் கலா சொன்னாள்.

எனக்குப் பிடிக்காத பாடம் ஒன்றும் அவரிடம் இருந்தது. ஒரு நாளைக்குப் பத்து முறை நடக்கும். படுத்தபடியே அவர் ஆட்டோ ஓட்டுபவராகிவிடுவார். மலையாளத்தில் அதட்டலாக, “மோள்டெ பேரெந்தா? அச்சன்டெ பேரெந்தா? வீடெவிடெயா? அம்மைக்கு எவிடெயா ஜோலி?” என்று அவள் பெயர், அப்பா பெயர், வீடு, அம்மா வேலைசெய்யும் இடம் எல்லாம் கேட்பார். அவள் ஒவ்வொன்றுக்கும் மலையாளத்திலேயே பதில் சொல்லவேண்டும். அடுத்து அவர் போலீஸ். அடுத்து நர்ஸ். அடுத்து தெருவில் போகும், பெயர் தெரியாத ஒரு சேட்டன். அப்பாவிடம் மட்டும் கடகடவென்று சொல்வாள். நான் அதே கேள்வியைக் கேட்டால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள்.

“இது வெறும் மனப்பாடம். இதனால பேச்சு வராது. அவளைக் கதை சொல்லவையுங்கள்” என்றேன். என் பயிற்சியில் கற்ற இன்னும் சிலதையும் சொன்னேன்.

“கதை அவ நேரம் வரும்போ சொல்லட்டும். இது மட்டும் எனக்கு அவசரம்” என்றார். அன்று அதை நான் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நித்யாவுக்கு ஐந்து வயது முடிந்த சில நாட்களில், காலை பத்து மணிக்கு, அவர் பாயிலிருந்து எழ முயன்று அப்படியே சரிந்தார். நினைவில்லை. கலா வேலையில். பக்கத்து வீடுகள் பூட்டிக் கிடந்தன. நித்யா தெருமுனைக்கு ஓடியிருக்கிறாள். ஆட்டோ ஸ்டாண்டில் நின்றவர் பின்னால் சொன்னதைத்தான் எழுதுகிறேன். ஒரு சின்னப் பெண் வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் ஒன்றும் கேட்பதற்கு முன்பே, தன் பெயர், அப்பா பெயர், வீடு இருக்கும் சந்து, அம்மா வேலைசெய்யும் வட்டம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில், சத்தமாகச் சொன்னாள். அதன் பிறகு, சொல்லிக் கொடுக்காத ஒன்றைத் தானே சேர்த்தாள்: “அச்சன் வீணு. எணீக்குந்நில்லா.” அப்பா விழுந்துவிட்டார், எழுந்திருக்கவில்லை.

நான்கு பேர் தூக்கிப்போய் ஆட்டோவில் வைத்தார்கள். சிறுநீரகங்கள் இரண்டும் பழுது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வருஷக்கணக்கில் விழுங்கிய வலி மாத்திரைகளாலா, வேறெதனாலா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. உடம்புக்குள் ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது என்பது அவருக்கு வெகுநாள் முன்பே தெரிந்திருக்கிறது. தான் விழுந்து கிடக்கும்போது, உதவி கேட்கத் தெரியாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து, தன்னை எழுப்பிக்கொண்டே இருக்கும் ஒரு குழந்தையை அவர் மனத்தில் பார்த்திருக்கிறார். அந்தப் பாடம் அதற்காகத்தான்.

நினைவு திரும்பியதும் என்னிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, “கேட்டீங்களா டீச்சரே, ரோட்டுல நின்னு பேசிருக்கா!” முகம் வீங்கியிருந்தது. அந்த முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பின்னரும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நித்யா அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். யாரும் அவளைச் சோதிக்கவில்லை. முதல் நாள் மட்டும் அவர் கேட் வரைக்கும் போனார். அன்று வீட்டுக்குத் திரும்பி என்ன செய்தார் என்று கேட்டேன். “படுத்திருந்தேன். வேற என்ன ஜோலி?” என்றார். சுவரில் இருந்ததை அவரே ஈரத்துணியால் துடைத்துவிட்டிருந்தார்.

கடைசியாக அவரைப் பார்த்தது ஒரு சனிக்கிழமை, டயாலிசிஸ் வார்டில். கலா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். ரத்தம் குழாயில் போய் வந்துகொண்டிருந்தது. இரண்டரை வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அன்று சொன்னேன். “நித்யாவை நர்சரியிலிருந்து அனுப்பச் சொன்னது நிர்வாகி இல்லை. நான்தான் அவள் பெயரைக் கொடுத்தேன்.”

அவர் கண்ணைத் திறக்காமலே, “தெரியும்” என்றார்.

“எப்போ தெரியும்?”

“அன்னிக்கே. கீழ நின்ன ஆயாம்மா சொல்லிச்சு.”

அப்படியென்றால், பஸ் நிறுத்தத்தில் வந்து எழுத்துக் கேட்டபோதே தெரியும். என் விரல் அவர் உள்ளங்கையில் ‘ஈ’ எழுதியபோதும் தெரியும். மன்னித்துவிடுங்கள் என்றேனா என்பதுகூட நினைவில்லை. என்றிருப்பேன்.

“கோவம் உண்டு டீச்சரே. இப்பவும் உண்டு. பொய் சொல்ல மாட்டேன். ஆனா எனக்குத் தெரிஞ்ச ஆள்ல தமிழ் எழுத்துத் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான். கோவத்தை ஒரு பக்கம் வச்சேன், எழுத்தை ஒரு பக்கம் வச்சேன். ரெண்டையும் கலக்கல. அவ்வளவுதான்.”

பிறகு, “சாயா குடிச்சிட்டுப் போங்க, கீழ நல்லாருக்கும்” என்றார். கலா வந்துவிட்டாள். நான் குடிக்காமலே வந்துவிட்டேன்.

அவர் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்த மாலை மழை விட்டிருந்தது. இடக்கொச்சியிலிருந்து கலாவின் சொந்தக்காரர்கள், துறைமுகத்திலிருந்து பழைய கூட்டாளிகள், கார்ப்பரேஷன் பெண்கள் என்று வந்துகொண்டே இருந்தார்கள். சந்து முனையில் நித்யா நின்றிருந்தாள். யாரும் அவளை அங்கே நிறுத்தவில்லை. வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து, சிலரிடம் தமிழிலும் சிலரிடம் மலையாளத்திலும், “இந்த வழி. மூணாவது வீடு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் கணீரென்று இருந்தது. என்னிடமும் சொன்னாள். அவள் தானாக என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

பெரியவர்கள் அவளை உள்ளே கூப்பிட்டார்கள். போகவில்லை. உடலை ஏற்றிய வண்டி கிளம்பும்வரை அங்கேயே நின்றாள். வண்டி போன பிறகும் நின்றாள். வழி கேட்டு வர இனி யாரும் இல்லை என்று கலா வந்து சொல்லித்தான் கூட்டிப்போனாள்.

நான் இன்னும் அதே நர்சரியில்தான் வேலை பார்க்கிறேன். எந்தக் குழந்தை பொருந்தாது என்று இப்போதும் கேட்கிறார்கள். நான் பெயர் கொடுப்பதில்லை. இரண்டு முறை கூப்பிட்டு எச்சரித்தார்கள். என் மனம் இளகிவிட்டதால் அப்படி நடந்துகொள்கிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். இன்னொரு குழந்தைக்கும் அதைச் செய்துவிடுவேனோ என்று எனக்குப் பயம், அவ்வளவுதான்.

அவரை அறிந்த நீங்கள் ஒவ்வொருவரும் அவரிடமிருந்து ஏதாவது ஒன்றை வைத்திருப்பீர்கள். அவருடைய பொறுமை, சிரிப்பு, தோள் கொடுத்த ஏதோ ஒரு நாள். எனக்கு அவர் விட்டுப்போனது அந்தக் கோபம். அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளாமலேயே போய்விட்டார். என்னிடம்தான் இருக்கிறது. ஆறிப்போகாமல் பார்த்துக்கொள்கிறேன்.