பெரியப்பா கேட்ட சந்தேகங்கள்

மீன் வாசம் போகாத அந்த நாற்பது பக்க நோட்டு இன்னும் என் மேஜையில் இருக்கிறது. ஏரித் தண்ணீர் படாமல் பாலித்தீன் கவரில் சுற்றி, லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு பெரியப்பா வகுப்புக்கு வருவார். பொன்னேரியில் பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, பழவேற்காட்டில் மாலை வேளையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். வந்தவர்களில் பெரும்பாலோர் துறைமுக வேலைக்கு இண்டர்வியூ போகிறவர்கள். எல்லோருக்கும் ஒரே சந்தேகங்கள்தான். சின்ஸ் எங்கே, ஃபார் எங்கே? ‘டிட் வென்ட்’ ஏன் தப்பு? அதே பதில்களைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பெரியப்பாவின் சந்தேகங்கள் மட்டும் வேறு மாதிரி இருந்தன.

அவருடைய ஒரே மகன், எனக்கு அண்ணன், சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். நடுக்கடலில் தவறி விழுந்துவிட்டான் என்று தகவல் வந்தது. அவனை அனுப்பிய பம்பாய் ஏஜெண்ட் ஆபீசிலிருந்து செவ்வாய்தோறும் ஒருவர் பேசுவார். அவருக்குத் தமிழ் தெரியாது. குடும்பத்தில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் என்பதால் பெரியப்பா போனை என்னிடம் கொடுப்பார். நான்காவது செவ்வாய், தேடுவதை நிறுத்திவிட்டார்கள், இனி நம்பிக்கை இல்லை என்றார் அந்த மனிதர். பெரியப்பா எதிரிலேயே நின்றார். “தேடிக்கினு இருக்காங்களாம் பெரியப்பா” என்று சொல்லிவிட்டேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த செவ்வாய் அந்த ஆபீஸ்காரர் இறப்புச் சான்றிதழ் பற்றிப் பேசினார். நான் அதே பொய்யைச் சொன்னேன். ஊரில் எல்லோரிடமும் வாயடிக்கிறவள் நான். இதற்கு மட்டும் வாய் வரவில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது.

அந்த வாரமே பெரியப்பா கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ஏரியில் வலைபோடத் தன் முறை வராத நாளெல்லாம் வந்தார். “இன்னா பெருசு, நீயும் இண்டர்வியூக்குப் போறியா?” என்று பையன்கள் கலாய்த்தார்கள். அவரும் சிரித்தார்.

“கொஞ்சம் நிதானமா பேசுங்கன்னு எப்டிமா சொல்றது?” என்று முதல் நாள் கேட்டார். மறுமுறை, “இன்னொரு தபா சொல்லுங்கன்னு?” பதிலைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார். போனில் தானே பேசப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் சொல்லிக்கொடுத்தேன். பத்துப் பேர் நடுவில் சந்தேகம் கேட்பவருக்கு எப்படிப் பதில் சொல்லாமல் இருப்பது?

ஒரு திங்கட்கிழமை எழுந்து நின்றார். “செத்தவங்க ஒடம்ப ‘பாடி’ன்றாங்களே, அத்தவிட மரியாதையா ஒரு வார்த்தை இங்கிலீஷ்ல இல்லியாமா?”

பையன்கள் சிரிக்கவில்லை. ‘மார்ட்டல் ரிமெய்ன்ஸ்’ என்று போர்டில் எழுதினேன். வகுப்பு கலைந்ததும், “உங்களுக்குத் தெரியுமா பெரியப்பா?” என்றேன்.

“அன்னிக்கே தெரியும். போன் பேசும்போது உன் மூஞ்சப் பாத்தேனே. நீயா சொல்லுவன்னு இருந்தேன். எத்தினி நாளு நீயே தூக்கினு திரிவே? அதான் நானே கேட்டுக்கலாம்னு வந்தேன்.”

மறுநாள் வகுப்பறையில் உட்கார்ந்து அவரே பேசினார். நிதானமாகப் பேசச் சொன்னார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். மகனின் உடல் கிடைத்ததா என்று அந்த மரியாதையான வார்த்தையைப் போட்டே கேட்டார். கிடைக்கவில்லை, இனி கிடைக்காது என்று பதில் வந்தது. “தேங்க் யூ சார்” என்று வைத்துவிட்டார்.

“தப்பில்லாம பேசினேனா?”

“ஒரு தப்பும் இல்ல பெரியப்பா.”

தலையாட்டினார். ஆனால் எழுந்திருக்கவில்லை. மகன் ஏதோ ஒரு கரையில் பிழைத்துக் கிடக்கிறான் என்றுதான் வீட்டில் பெரியம்மா நம்பிக்கொண்டிருந்தார். நான் சொன்ன பொய்யைப் பெரியப்பா வாராவாரம் அப்படியே அங்கே சொல்லிவந்திருந்தார்.

“இத்த உங்க பெரியம்மாகிட்ட தமிழ்ல எப்டிமா சொல்றது?”

செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு வீட்டுக்கு நடந்தேன். இந்த முறை நானே சொன்னேன்.